நெய்ப்பாறை ஏற்றமும் இரண்டு லாக்கர்களும்

ஆகஸ்ட் 24

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியில் ஜனவரியிலிருந்து ஓர் எழுத்துகூட இல்லை. எழுதும் தகுதியுள்ள எதுவும் உலகத்தில் நடக்காததே காரணம். இன்று நடந்திருக்கிறது. ஏழுமுடி மலையின் ஒரே ஜீப்புக்கு, அதன் முப்பத்தோராவது வயதில், லாக்கர் வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. எந்த லாக்கர் என்பதில்தான் எனக்கும் என் அக்காள் மகள் நாகஜோதிக்கும் போர் மூண்டிருக்கிறது.

பின்னால் வரும் சந்ததியினருக்காக ஒரு விளக்கம். ஜீப்பின் பின் அச்சின் நடுவில் ஓர் இரும்புக் கூடு உண்டு. எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கு வைப்பது அதுதான். பங்கு வைக்கிறதே தவிர நியாயம் தெரியாத ஜென்மம். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் இருக்கிற சக்தி முழுவதையும் அதற்கே வாரிக் கொடுக்கும். அது கிறுகிறுவென்று சும்மா சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரமோ மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருக்கும். ஃபோர் வீல் போட்டாலும் இந்த அநியாயம் முழுதாகத் தீராது. லாக்கர் என்பது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். சுற்றினால் இரண்டும் சுற்றும், வண்டி ஏறும்.

எனக்கு இதுவரை லாக்கர் தேவைப்பட்டதில்லை. என் வலது காலே லாக்கர். பாதத்தைக் குறுக்கே வைத்து, பாதி ஆக்சிலேட்டர் பாதி பிரேக்காக மிதித்தால், வீணாய்ச் சுற்றும் சக்கரம் அடங்கி மற்றது வேலைக்கு வரும். எவ்வளவு மிதிப்பது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும். அதனால்தான் எங்கள் மலையில் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பது. இந்த வித்தையைப் பார்க்கத் தேனி, மதுரை, லண்டன் ஆகிய நகரங்களிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். லண்டன்காரர் வழி தவறி வந்தவர் என்பாள் ஜோதி.

சென்ற வியாழன் நெய்ப்பாறை ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது. நான்கு அடி இருக்கும். வாராவாரம் எங்களோடு மேலே வரும் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் நாற்பது அடி என்கிறார். ஊசி போடுகிறவர்களுக்குத் தூரம் தெரியாது.

“ஐப்பசி மழைக்கு முன்னாடி லாக்கர் போட்டாகணும் மாமா. இல்லேன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள ஏத்தாதீங்க” என்று ஜோதி சொல்லிவிட்டாள். ஒன்பது பிள்ளைகள். அடிவாரத்துப் பள்ளிக்குப் போக வேறு வண்டி கிடையாது. நடந்தால் நூற்றுப்பத்து கிலோமீட்டர். ஜோதி கணக்கில் பதினொன்று.

ஆகஸ்ட் 27

போர், இரண்டாம் நாள். இடம்: அடுப்படி.

ஜோதி கைபேசியைப் பார்த்து வாசித்தாள். “கம்பெனி லாக்கர் வண்டியோடவே வருது மாமா. பழசக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துருவோம். சுவிட்சே கிடையாது. ஒரு சக்கரம் வழுக்கி வேகமாச் சுத்துச்சுன்னா தானாப் பூட்டிக்கிரும். சரியானதும் தானா விட்டுரும்.”

“எல்லாம் தானா நடக்குறதுக்கு நான் எதுக்கு? என்னைய ஸ்டெப்னியோட சேத்துக் கட்டிவிட்ரு. வெளிய வாங்கி மாட்டுற லாக்கர் அப்படியில்ல. ஒரு சுவிட்ச். நான் அமுக்குனா பூட்டும், எடுத்தா விடும். ராஜ உத்தரவு.”

“ராஜா வளைவுல ஆஃப் பண்ண மறந்தாருன்னா? பூட்டுன சக்கரம் திரும்பாது. நேரா பள்ளத்துமேலதான் படையெடுக்கணும்.”

“விரல் இருக்குடி எனக்கு. பத்து இருக்கு.”

“கூட்டையே பிரிக்கணும். உள்ள இருக்கிறத எடுத்துட்டு வேற வைக்கணும். அபுதாகிர் பாய் பட்டறையில எத்தன நாள் கிடக்குமோ. கம்பெனிக்காரன்னா எல்லாம் சோதிச்சுப் பாத்து விப்பான்.”

“அவன் நெய்ப்பாறையப் பாத்திருக்கானா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒண்ணு கேக்கவா மாமா? லாக்கர்னு சொன்னாலே ஊரக் கூட்டிச் சிரிக்கிற ஆளு நீங்க. போன வருசம் கோயம்புத்தூர்க்காரங்க லாக்கர் வண்டியில வந்தப்ப, ஊன்றுகோல் வச்ச குதிரையான்னு கேட்டீங்க. அவங்க பாவம், டீகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. இப்ப என்ன திடீர்னு சுவிட்ச் மேல ஆசை?”

பேரரசர்கள் கருத்தை மாற்றிக்கொள்வது உலக வழக்கம் என்றேன். மொச்சைக் குழம்பு. உப்பு கூடுதல்.

செப்டம்பர் 2

மழை இல்லை. காபிச் செடிக்கு உரம் வைத்தேன். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வழி முழுக்க முள். ஏழுமுடியில் செருப்புத் திருடும் கூட்டம் ஒன்று இறங்கியிருக்கிறது. நடக்கும்போதே உருவிவிடும் அளவுக்குக் கைத்தேர்ச்சி.

செப்டம்பர் 3

ஜோதி ஊசியை வைத்துக்கொண்டு என் பாதத்திலிருந்து முள் எடுத்தாள். மூன்று முள். வலிக்கிறதா என்றாள். வீரனுக்கு வலிக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 6

போடிக்குப் போனேன். அபுதாகிர் பாய் ஜீப்பின் அடியில் புகுந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வெளியே வந்தார். இந்த மனிதர் ஒரு வண்டியை ஆகாய விமானமாக்கி, மறுபடி ஜீப்பாக்கி, உரியவரிடம் ஒப்படைத்தவர் என்று போடியில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது நான்.

“வெளி லாக்கர் மாட்டலாம்ணே. சின்னதா ஒரு காத்துப் பம்பு வைக்கணும். சுவிட்ச அமுக்குனா காத்து குழாய் வழியாப் போயி உள்ள பூட்டிரும். நல்ல சாமான்தான். பத்து நாள் குடுங்க. ஆனா…”

“ஆனா என்ன?”

“கம்பெனி வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அது பூட்டணும்னா லேசா மிதிச்சுப் பிடிக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க காலுக்கு அது வெண்ணெய வெட்டுற மாதிரி. உங்களுக்கு எதுக்குச் சுவிட்ச்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “அண்ணே! காலு! காலு!” என்று பட்டறையே இடிந்து விழும்படி கத்தினார். பக்கத்தில் நின்ற லாரியின் சைலன்சர் குழாயில் என் வலது கால் சாய்ந்திருந்திருக்கிறது. எஞ்சினை அப்போதுதான் அணைத்தார்களாம். தோலில் மிளகளவு ஒரு கொப்புளம். பாய் அதை அப்பளம் என்று வர்ணித்தார். மிகைப்படுத்துவது சிலருக்கு வியாதி.

தண்ணீர் ஊற்றினார். மருந்து தடவினார். பிறகு நெடுநேரம் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்கள்.

செப்டம்பர் 11

தேனி. கம்பெனி வண்டி பரீட்சை.

ஷோரூமுக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி ஒரு மேடு செய்து வைத்திருக்கிறார்கள். இமயமலையின் பேரன் என்று நினைப்பு. டை கட்டிய ஒரு தம்பி பக்கத்தில் ஏறி, “சார், வீல் ஸ்லிப் ஆகும்போது ஆக்சிலேட்டரை ஜென்டிலா ஹோல்டு பண்ணுங்க, ஆட்டோமேட்டிக்கா லாக் ஆகும்” என்றார். பின் சீட்டில் ஜோதி.

பாதி மேட்டில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மென்மையாகத்தான் மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மென்மையாக மிதித்தேன். எஞ்சின் யானை மாதிரி பிளிறியது. “சார், சார், லைட்டா, லைட்டா” என்றார் தம்பி. ‘டக்’ என்று பூட்டியது. வண்டி மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த பூந்தொட்டிகளையும் தாண்டி, தேனி மாவட்ட எல்லையைத் தொட்டுவிட்டு நின்றது. தம்பியின் டை முதுகுப்பக்கம் போயிருந்தது. உடைந்தவை இரண்டு தொட்டி.

அடுத்து ஜோதி ஓட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சக்கரம் சுற்றியது, அவள் மிதியை அப்படியே பிடித்தாள், பூட்டியது, ஏறியது. தொட்டிலை ஆட்டிவிட்டதுபோல அவ்வளவுதான் சத்தம். தம்பி கைதட்டினார்.

இந்த வண்டி பெண்களுக்குச் சலுகை காட்டுகிறது. எனவே நிராகரிக்கப்பட்டது.

திரும்பும்போது சாவியைக் கேட்டாள். இயற்கைக் காட்சிகளைப் பார்த்து நாளாகிவிட்டதால் கொடுத்தேன். நெய்ப்பாறையில், “சுகர் மாத்திரை போடுறீங்களா மாமா?” என்றாள். போடுகிறேன் என்றேன். போடும் நாட்களில் போடுகிறேன்.

செப்டம்பர் 18

வியாழன். ஸ்டெல்லா சிஸ்டர் அங்கன்வாடியில் முகாம் போட்டார். ஜோதி தூது அனுப்பியிருக்கிறாள் என்பது போனதும் புரிந்தது. என்னை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பெஞ்சில் படுக்கச் சொன்னார்.

“கண்ண மூடிக்குங்க. காலத் தொடுறப்பல்லாம் ‘ம்’ சொல்லணும்.”

தூரிகை மயிர்போல ஏதோ ஒன்று கையில் வைத்திருந்தார். நான் முப்பது வருடம் இருட்டிலும் மூடுபனியிலும் ஓட்டியவன். எனக்கென்ன? கண்ணை மூடினேன். சிஸ்டரின் வளையல் சத்தம் கேட்டது. “ம்” என்றேன். சேலை சரசரத்தது. “ம்.” பெஞ்சு முனகியது. “ம்.” சீரான இடைவெளியில், கண்ணியமான குரலில், எட்டு ‘ம்’ சொன்னேன்.

“சீலமுத்தண்ணே” என்றார் சிஸ்டர்.

“எப்படி? நூத்துக்கு நூறா?”

“நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல.”

வேலையில் மந்தம். அரசாங்க உத்தியோகம் அப்படித்தான்.

பிறகு தொட்டாராம். எனக்கு அது பற்றித் தகவல் இல்லை. கடிதம் ஒன்று எழுதி, தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். “வண்டிய எப்படிண்ணே ஓட்டுறீங்க?” என்று கேட்டார். ‘பழக்கம்’ என்றேன். “பிரேக்குல கால் இருக்கான்னு எப்படித் தெரியும்?” வண்டி நின்றால் இருக்கிறது என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“ஜோதிகிட்ட நீங்களே சொல்லுங்க. ஒரு வாரம் பாப்பேன்.”

அந்த அறையில் நடந்தது ராஜாங்க ரகசியம். கடிதம் இந்த டைரிக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 20

வெளி லாக்கருக்கே உத்தரவு போட்டுவிட்டேன். ஜோதி எதிர்க்கவில்லை. “உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்றாள். போரில் வென்றால் முரசு கொட்ட வேண்டும். முரசு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 25

சிஸ்டர் வரும் நாள். தோட்டத்தில் அவசர வேலை இருந்தது. மாலைவரை இருந்தது.

அக்டோபர் 5

ஜீப் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சுவிட்ச். நெய்ப்பாறையில், வேண்டுமென்றே இடது சக்கரத்தைச் சேற்றில் இறக்கி நிறுத்தி, ஆள்காட்டி விரலால் அமுக்கினேன். உள்ளே காற்று சீறியது. வண்டி ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மலையைப் பிடித்து மேலே இழுத்தது. வண்டி ஏறியதா, மலை கீழே இறங்கியதா என்று எனக்கே சந்தேகம். ஆக்சிலேட்டரில் கால் சும்மா கிடந்தால் போதும். வித்தை எதுவும் வேண்டாம். விரல் போதும்!

உச்சிக்குப் போனதும் சுவிட்சை மறக்காமல் அணைத்தேன். வளைவில் வண்டி பசுவாகத் திரும்பியது. இன்னும் முப்பத்தொரு வருடம் ஓட்டுவேன் என்று அங்கே கூடியிருந்த ஜனத்திரளிடம் அறிவித்தேன். இரண்டு பேர், ஒரு மாடு.

அக்டோபர் 28

மழை. குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

அக்டோபர் 29

நேற்று எழுதியது சரியல்ல.

காலை எட்டு மணி நடை. கீழே இறங்குகிறோம். ஒன்பது பிள்ளைகள். அவர்களில் இருவரின் தாய் முத்துராக்கு, சந்தைக்குப் போகிறவள். இடது சீட்டில் ஜோதி, மடியில் ஆஸ்பத்திரியில் இருக்கும் யாருக்கோ போகும் துணிப்பை. நெய்ப்பாறை இறக்கம். மழை விட்டுத் தூறல்.

லாக்கர் என்பது ஏறுவதற்கு. கம்பெனி லாக்கரோ வெளி லாக்கரோ, இறங்கும்போது நிறுத்தித் தராது. நிறுத்துவதற்குப் பிரேக் இருக்கிறது, பிரேக்குக்குக் கால் வேண்டும். இரண்டு மாதம் நடந்த போரில் நானும் இதைப் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வேகம் எடுத்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் வேகம் எடுத்தது. பிரேக் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஜோதி குனிந்து என் காலைப் பார்த்தாள். “மாமா, அது ஆக்சிலேட்டரு!” என்று ஒரு கையால் என் முழங்காலைத் தூக்கித் தள்ளினாள், மறுகையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து மலைப்பக்கம் ஒடித்தாள். வண்டி மண்சரிவில் முட்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன என்பதை எழுத வேண்டியதில்லை. வளைவுக்கும் எங்களுக்கும் ஐந்து அடி இருந்தது. அளந்தேன்.

ஒரு பையனுக்குத் தாடையில் அடி. முத்துராக்குக்கு முழங்கை வீங்கியிருக்கிறது. யாரும் அழவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. மீதித் தூரத்தை ஜோதி ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை எப்போதும் மாட்டும் ஆணியிலேயே மாட்டினாள். எடுத்து ஒளித்து வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒளித்திருந்தால் சண்டை போடலாம். தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அக்டோபர் 30

காலை ஏழே முக்காலுக்கு ஜீப்பை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தேன். ஜோதி இடது பக்கம் நின்றாள். ஏறவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். யூரியாச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் முத்துராக்கு, தலையில் அவரைக்காய் மூட்டை, வீங்கிய கையில் சின்னவனின் பை.

“ஏத்தா, எங்க போறீங்க? ஏறுங்க!”

“இல்லண்ணே, சும்மா நடக்கலாமேன்னு” என்றாள், என்னைப் பார்க்காமல். “பிள்ளைக ஆசப்பட்டுச்சுக. மழை நல்லாருக்குல்ல.”

மழை நன்றாக இல்லை. சாக்கு வழியே தண்ணீர் வடிந்து பிள்ளைகளின் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாடையில் பிளாஸ்திரி ஒட்டிய பையன், “ஆமா, சும்மா” என்றான். சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து உன்னை நம்பவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்வதற்குப் பதில் பதினோரு கிலோமீட்டர் நடப்பார்கள். நாளைக்கும் நடப்பார்கள். மழை நல்லாருக்கு என்பார்கள்.

முதல் வளைவு வரை போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இறங்கி, அவர்களுக்குப் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்றால் ஒரு மாதிரி ஓட்டம். வலது கால் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. முத்துராக்கு நின்றாள். பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பெரிய பிரகடனம் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு.

“கால்ல உணர்ச்சி இல்ல முத்துராக்கு. வலது காலு, முழங்காலுக்குக் கீழ. ஆறேழு மாசமா. மிதிக்கிறது தெரியல. இனிமே நான் ஓட்ட மாட்டேன். ஜோதி ஓட்டுவா. பிள்ளைகளக் கூட்டிட்டு வா.”

“தெரியும்ணே” என்றாள் முத்துராக்கு. “நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான்.”

மூட்டையை என் தலையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திருப்பினாள்.

ஜோதி ஏற்கெனவே வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். செருப்பு சீட்டுக்கு அடியில். நான் இடது பக்கம் ஏறினேன். இந்தப் பக்கத்திலிருந்து மலையைப் பார்த்ததில்லை. பள்ளம் நிறைய தெரிகிறது. நெய்ப்பாறை இறக்கம். நான் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரேக்கில் பெருவிரல் மெல்ல அமுங்குவதும் விடுவதும் தெரிந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடிவாரம் வந்ததும் கேட்டாள். “சொல்லுங்க மாமா. இந்தச் சுவிட்சே போதுமா? இல்ல, கம்பெனி வண்டிக்குப் போவமா?”

“உனக்கு எது?”

“எனக்கு அதுதான். மிதிச்சுப் பிடிச்சா அது என் காலுக்குப் பதில் சொல்லுது. இதுல நான் முன்கூட்டியே யோசிச்சு அமுக்கணும். ஆனா நீங்க ஆசப்பட்டு மாட்டுனது.”

“நான் ஆசப்பட்டு மாட்டல. காலுக்குப் பதிலா மாட்டுனேன்” என்றேன். “கம்பெனி வண்டியே எடு. பதிவு உன் பேர்ல இருக்கட்டும்.”

அவள் சாலையைப் பார்த்தபடியே தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அல்லது மழைத்தண்ணீர்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒன்பது பேர். மணி எட்டு ஐம்பத்திரண்டு. ஜோதி வண்டியை அணைக்காமல், “அடுத்து தேனி பெரியாஸ்பத்திரி. நேத்து சிஸ்டர்கிட்டப் போன்ல கேட்டேன், எல்லாம் சொல்லிட்டாங்க. அந்த லெட்டர் எங்க?” என்றாள்.

டைரிக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.